சிப்பாய்க்கு வந்த வெளிச்சம்

“ஆன்ட்டி, பட்டியை இன்னைக்கே கொண்டு வரணும் கேட்டோ. விரல் கறுத்துப்போச்சுன்னு நேசையன் சார் பறஞ்சு. கறுத்தா பின்னே லேசர் அடிக்கக்கூடாது. இனியும் தாமசிச்சா காலையே எடுக்கேண்டி வரும்.”

ஃபோனில் இப்படி மலையாளம் கலந்து சொன்னது டாக்டர் லிபி; பட்டி என்றால் நாய். பேட்டையில் நாய், பூனை, ஆடு, மாடு எல்லாவற்றுக்கும் வைத்தியம் பார்க்கிற பெண். நான் கரமனையில் எங்கள் வீட்டு முன்னறையில் ரிசீவரைக் காதில் வைத்தபடி நின்றிருந்தேன். எந்த நாயின் காலை எடுக்கவேண்டி வரும் என்று அவள் பதறினாளோ அந்த நாய், எங்கள் சிப்பாய், என் கண்ணெதிரே முற்றத்தில் ஒரு காக்கையைத் துரத்திக்கொண்டிருந்தது. தென்னையைச் சுற்றி ஓடி, துவைகல்லின்மேல் தாவி, காக்கை பறந்துபோனதும் என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. கறுத்த விரலும் இல்லை, கழுத்தறுந்த விரலும் இல்லை.

“எந்த விரலு? என்ன கறுப்பு?” என்றேன்.

“வலது காலிலெ. நேற்று சார் ஃபோன் விளிச்சு கேட்டதல்லே, கறுத்த இடத்துக்குக் கொஞ்சம் கூடுதல் அடிக்கட்டுமான்னு. எனக்கு உறக்கமே வரல்ல ஆன்ட்டி. கடை ஃபோன் எப்பவும் எங்கேஜ்டு. மிஷினும் இதுவரை திரிச்சுத் தரல்ல. நான் இப்போ கிழக்கேகோட்டையிலெதான் நிக்கிறேன். பட்டி குடோனிலெதானே? நானே போய் நோக்கிடறேன்.” வைத்துவிட்டாள்.

மிஷினைத் திருப்பித் தரவில்லையா! ஓணத்துக்கு முன்னாலேயே கொடுத்தாச்சு என்றல்லவா அந்த மனுஷன் என்னிடம் சொன்னார்!

அந்த மனுஷன் என்றால் என் வீட்டுக்காரர் நேசையன். சாலைக் கடைத்தெருவில் அரிசி, பருப்பு மொத்தக் கடை. பாறசாலையிலிருந்து வந்து சொந்தமாக உண்டாக்கிய கடை. பொய் சொல்லத் தெரியாத ஆள் என்று பேர். நானே அதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

சிப்பாய்க்குக் காலில் அடிபட்டது உண்மைதான். அது எங்கள் குடோன் காவலுக்கு நின்ற நாய். மூட்டை இறக்கும்போது தள்ளுவண்டிச் சக்கரம் அதன் முன்னங்காலில் ஏறிவிட்டது. தையல் போட்டார்கள். நாய் சும்மா கிடக்குமா? நக்கி நக்கியே தையலைப் பிரித்துப் புண்ணை அகலமாக்கிவிட்டது. மருந்து போட்டால் மருந்தையும் நக்கியது. அப்போதுதான் யாரோ சொல்லி டாக்டர் லிபியிடம் தூக்கிக்கொண்டு போனோம்.

“லேசர் வெச்சு நோக்கலாம்” என்றாள் அவள். நான் நாயை வாரி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டேன். லேசர் என்றால் இரும்பையே அறுக்கிற சாமான் என்றுதான் எனக்குத் தெரியும்.

“நாய்க்குக் காலை அறுக்கவா ஆட்டோ பிடிச்சு வந்தோம்? எழும்புங்க, வீட்டுக்குப் போவோம்” என்று நான் வாசல்வரைக்கும் வந்துவிட்டேன். அவள் ஓடிவந்து என் கையைப் பிடித்து, டார்ச் விளக்குபோல ஒரு சின்ன மிஷினை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். சிவப்பாக ஒரு பொட்டு வெளிச்சம் விழுந்தது. சுடவில்லை, குத்தவில்லை, ஒரு எறும்பு ஊர்கிற மாதிரிகூட இல்லை. இதுக்கா இவ்வளவு பேர் என்று எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

“இது அறுக்குற லேசர் அல்ல ஆன்ட்டி, சக்தி ரொம்பக் குறைஞ்சது” என்றாள். “வெளிச்சம் தோலுக்கு உள்ளே போய், உயிரோட இருக்குற சதையைத் தூண்டிவிடும். வீக்கம் வற்றும், வலி குறையும், புண் சீக்கிரம் மூடும். மேஜிக் ஒண்ணுமில்ல.”

எங்களுக்கெல்லாம் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு, நாயின் கண்ணைத் துணியால் மூடி, புண்ணைச் சுற்றிலும் மெல்ல மெல்ல வெளிச்சம் வைத்தாள். உறுமிக்கொண்டிருந்த சிப்பாய் கொஞ்சத்தில் குறட்டை விட்டது. இவர் மட்டும் கண் இமைக்காமல் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். திடீரென்று ஒரு கேள்வி கேட்டார்.

“டாக்டரே, சுகர் உள்ள நாய்க்கும் இது கேக்குமா?”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “நாய்க்குச் சுகரா? தினமும் அடப் பிரதமன் பாயசமா வச்சுக் குடுக்கியோம்?”

டாக்டர் சிரிக்கவில்லை. நாய்க்கும் சுகர் வரும் என்றாள். ஆனால் சுகரால் வந்த புண் என்றால் முதலில் சுகரை அடக்கவேண்டும், வெறும் வெளிச்சத்தை நம்பி இருக்கக்கூடாது என்றாள். இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

சிப்பாய் ஆட்டோவில் ஏறினாலே நடுங்கியது. அதனால் டாக்டர் எங்களை நம்பி அந்தச் சின்ன மிஷினையே வீட்டுக்குக் கொடுத்தாள். இவர்தான் தினமும் வெளிச்சம் வைத்தார். சொன்னால் நம்பமாட்டீர்கள், புண் ஓரத்திலிருந்து இளஞ்சிவப்பாக மூடிக்கொண்டே வந்தது. பிறகு முடி முளைத்தது. முடி முளைத்த அன்று இவர் நாயின் காலைத் தடவிக்கொண்டு கண்ணீர் விட்டார். இந்த மனுஷனுக்கு இவ்வளவு இளகின மனசா என்று நான் மலைத்துப்போனேன். நாயை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், குடோனுக்கு வேண்டாம் என்றார். சரி, பிரியம் என்று விட்டுவிட்டேன்.

இப்போது ஃபோனுக்கு முன்னால் நின்று யோசிக்கிறேன். நாய்க்குக் குணமாகி எத்தனையோ நாள் ஆயிற்று. மிஷினைத் திருப்பித் தந்தாச்சு என்று எனக்குச் சொன்னார். நாய்க்கு இன்னும் புண் ஆறவில்லை என்று டாக்டருக்குச் சொல்லியிருக்கிறார். அப்படியானால் அந்த மிஷின் எங்கே? எந்த நாய்க்கு?

உண்மையைச் சொல்கிறேன், முதலில் என் புத்தி போனது கேடுகெட்ட இடத்துக்குத்தான். வேறு எங்கேயோ ஒரு வீடு வைத்திருக்கிறார், அங்கே ஒரு நாயும் இருக்கிறது என்று நினைத்தேன். அந்த வீட்டுக்காரி யார் என்றுகூட இரண்டு மூன்று பேரை மனசில் நிறுத்திப் பார்த்துவிட்டேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு செருப்பு மாட்ட வாசலுக்கு வந்தேன். அங்கே கொடியில் அவருடைய காலுறை காய்ந்துகொண்டிருந்தது.

காலுறை. அரிசிக்கடைக்காரருக்கு எதற்குக் காலுறை? கொஞ்ச நாளாகவே போட்டிருந்தார். தூசிக்கு நல்லது என்றார். வீட்டிலும் கழற்றுவதில்லை. காலை அவரே கழுவி, துணியை அவரே துவைத்தார். என் கை தானாகப் போய் அந்தக் காலுறையைத் தொட்டது. விரல் நுனியிருக்கும் இடம் துவைத்த பிறகும் விறைப்பாக, பழுப்பாக இருந்தது.

 வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வேறு வீடே இருந்திருக்கக்கூடாதா ஆண்டவரே என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

நான் ஏன் அப்படி உட்கார்ந்துவிட்டேன் என்று புரிய, போன வருஷம் நடந்ததைச் சொல்லவேண்டும். இவருக்குச் சுகர் உண்டு. கால் பெருவிரலுக்கு அடியில் ஒரு புண் வந்து ஆறாமல் கிடந்தது. இவருடைய அப்பாவுக்கும் இப்படித்தான் வந்து, முட்டுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதனால் ஆஸ்பத்திரி என்றாலே இவருக்கு ஈரக்குலை நடுங்கும். சபையில் உபவாச ஜெபம் வைத்தோம். புண் ஆறியது. பொய்யில்லை, நான் கண்ணால் பார்த்தேன். ஆறிய சந்தோஷத்தில் இவர் சபையின் கன்வென்ஷன் கூட்ட மேடையில் ஏறி, மைக் பிடித்து, ஆண்டவர் சுகமாக்கினார் என்று சாட்சி சொன்னார். மாத்திரைப் பையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டி, “இனி எனக்கு இது வேண்டாம்” என்றார். பந்தலே எழும்பி நின்று ஸ்தோத்திரம் சொன்னது. போதகர் மட்டும் பக்கத்தில் வந்து, “மாத்திரையை விட்டுராதீரும் நேசையன்” என்று மெதுவாகச் சொன்னார். அவர் சொன்னது மைக்கில் வரவில்லை.

வாசல்படியிலிருந்து எழுந்து கடைக்கு ஆட்டோ பிடித்தேன். அந்த ஆட்டோக்காரனை நான் திட்டின திட்டு அவன் சென்மத்துக்கும் மறக்கமாட்டான். சாலைக்குள் வண்டி நுழையவில்லை. வெங்காய லாரி ஒன்று குறுக்கே நின்றது. இறங்கி ஓடினேன். எங்கள் கடையில் கணக்குப்பிள்ளை மட்டும்தான் இருந்தார். “முதலாளி குடோனில நாய்க்கு மருந்து வைக்குறாரு” என்றார். நாய்க்கு!

குடோன் ஷட்டர் பாதிக்கு இறங்கிக் கிடந்தது. குனிந்து உள்ளே போனேன். கடலைப்பருப்பு மூட்டையின்மேல் உட்கார்ந்திருந்தார் என் வீட்டுக்காரர். கண்ணில் கறுப்புக் கண்ணாடி. வேட்டியை முட்டுக்குமேல் ஏற்றி, வலது காலை ஒரு எண்ணெய் டின்னின்மேல் நீட்டி, நாய்க்கு வைக்கிற அதே பக்குவத்தோடு தன் பெருவிரலைச் சுற்றி அந்தச் சிவப்பு வெளிச்சத்தை வைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவர் முதலில் சொன்னது என்ன தெரியுமா?

“மலரு, நேரே பாக்காதே. கண்ணுக்கு ஆகாது.”

நான் நேரேதான் பார்த்தேன். பெருவிரல் கரிக்கட்டை மாதிரி இருந்தது. அதற்கு அடுத்த விரலிலும் பாதிக்கு ஏறியிருந்தது. மிளகாய் வற்றல் நெடியையும் தாண்டி ஒரு வாடை அடித்தது.

“அடப்பாவி மனுஷா!” என்று அலறினேன். “என்ன காரியம் செஞ்சு வச்சிருக்கிய! இது என்ன காலா, அடுப்புக்கட்டையா?”

“சத்தம் போடாதேட்டி. கடைக்கு எல்லாம் கேக்கும்” என்றார். “நீ கேளு. சிப்பாய்க்கு ஆறுனதை நீயும் பாத்தல்லா? எனக்கும் ஆறிட்டுதான் வருது. முந்தி எப்படி வலிச்சுது, இப்ப ஒரு பொட்டு வலி கிடையாது. வெளிச்சம் வலியை அப்படியே எடுத்துட்டு. கறுப்பு மட்டும்தான் பாக்கி. அதுவும் உரிஞ்சு விழுந்துரும்.”

குழந்தைபோல அவர் அதைச் சொன்னார். அவர் உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து ஷட்டருக்கு அடியில் ஒரு பை வந்தது, பின்னாலேயே எங்கள் குடோனைத் தேடி அலைந்த டாக்டர் லிபி குனிந்து வந்தாள். “பட்டி எவிடே சார்?” என்று நாலு பக்கமும் தேடினாள். இவர் சட்டென்று காலைச் சாக்குக்கு அடியில் இழுத்துக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சாக்கைப் பிடுங்கி எறிந்தேன்.

“இந்தா இருக்கு டாக்டரே நீங்க தேடி வந்த நாய்! நல்லா பாத்துக்கிடுங்க!”

அந்தப் பெண் அப்படியே நின்றுவிட்டாள். “ஈஸ்வரா” என்றாள். கையிலிருந்த பை கீழே விழுந்ததை எடுக்கவில்லை. பிறகு மண்டியிட்டு உட்கார்ந்து, பேனாவின் கூர்முனையால் அவருடைய விரலை அழுத்தினாள். இவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேனா விரலிலிருந்து பாதத்துக்கு வந்தது, பாதத்தின் நடுவுக்கு வந்தது.

“சார், தெரியுதா?”

“தொடுங்க, பொறவு சொல்லுதேன்” என்றார் இவர்.

டாக்டர் தொட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவள் நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது, குரலில் கோபமும் இருந்தது. “வலியை லேசர் எடுக்கல்ல சார். நரம்பு போச்சு. விரல் செத்துப்போச்சு. உயிருள்ள இடத்துக்குத்தான் இந்த வெளிச்சம். செத்த இடத்துக்கு இது வெறும் டார்ச். நான் மிருக டாக்டர், என்னைப் பட்டியின் பேர் சொல்லி ஏமாத்திட்டீங்கல்லே? இப்போழே ஆஸ்பத்திரிக்குப் போகணும். நாளைக்கு அல்ல.”

இவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். மிஷினை அணைத்து, துடைத்து, அவளிடமே கொடுத்தார். பிறகு, “ஆஸ்பத்திரி வேண்டாம்” என்றார்.

“ஏன் வேண்டாம்?”

“எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நம்ம சபைக்காரப் பிள்ளை ஒருத்தி நர்ஸா நிப்பா. சாட்சி சொன்ன நேசையன் கால் அழுகி வந்து கிடக்கான்னு ஞாயிற்றுக்கிழமைக்குள்ள எல்லாருக்கும் தெரிஞ்சுபோவும். நாய் ஆஸ்பத்திரியிலதான் நம்ம ஆளு யாரும் கிடையாது.”

“சபை கிடக்கட்டும்! எனக்கிட்ட சொல்லுறதுக்கென்ன? நான் என்ன பத்திரிகையா நடத்துதேன்?”

அவர் வேட்டியை முட்டுக்குக் கீழே இறக்கிவிட்டார். “அண்ணைக்கு மேடையை விட்டு இறங்குனதும் நீ எனக்க கையைப் பிடிச்சிட்டு அழுத. ஓர்மை இருக்கா? கல்யாணம் கழிஞ்ச நாளிலேருந்து நீ நாலு பேரு முன்னால எனக்க கையைப் பிடிச்சதில்ல. திட்டத்தான் செய்வே. கன்வென்ஷன் முடிஞ்சு கொஞ்ச நாளையிலேயே புண்ணு திரும்பவும் உடைஞ்சிட்டு. உனக்கு அந்தச் சந்தோஷத்தைத் தந்துட்டு, திரும்பப் பிடுங்க மனசு வரல்ல மலரு.”

  நானும் டாக்டரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து அவரை ஷட்டருக்கு வெளியே கொண்டுவந்தோம். கடைத்தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. பார்க்கட்டும் என்று விட்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் சர்ஜன் பார்த்தார். இரண்டு விரல் கட்டாயம் போகும், நாளை காலையில் ஆப்பரேஷன் என்றார். பாதம் தங்குமா என்பதைத் திறந்து பார்த்துத்தான் சொல்லமுடியும். இன்னும் ஒரு வாரம் இப்படியே விட்டிருந்தால் காலை மட்டுமல்ல, ஆளையே மறந்திருக்கவேண்டும் என்றார்.  இவர் கட்டிலில் கிடந்தபடி, “சிப்பாய்க்குச் சோறு வச்சாச்சா?” என்று கேட்டார்.

மத்தியானம் பிரஷர் பார்க்க ஒரு நர்ஸ் வந்தாள். இவர் பயந்தது போலவே ஆயிற்று. எங்கள் சபையில் பாட்டுக்குழுவில் நிற்கிற பிந்து. “மாமா! நீங்களா? என்ன ஆச்சு?” என்று கிட்ட வந்தாள். இவர் போர்வையைக் கால்மேல் இழுத்து மூடி, “காய்ச்சல் மக்கா, வேற ஒண்ணுமில்ல” என்றார்.

நான் எழுந்து போர்வையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். “பாரு பிந்து. நல்லா பாரு. இதாக்கும் காய்ச்சல்.”

சாட்சி சொன்னவர் காலைப் பார்த்துவிட்டாளே, சிரிப்பாள், இல்லையென்றால் பாவப்படுவாள் என்று நினைத்தேன். அவள் இரண்டும் செய்யவில்லை. பிரஷர் பார்க்கிற பட்டையைக் கட்டிலில் வைத்துவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினாள்.

“மாமா, உங்க சாட்சியைக் கேட்ட அண்ணையிலேருந்து எங்க அம்மை சுகர் மாத்திரை தொடல்ல. நான் கெஞ்சிப் பாத்தேன், சண்டை போட்டுப் பாத்தேன். ‘நேசையனுக்குச் செய்த ஆண்டவரு எனக்குச் செய்யமாட்டாரா, உனக்கு விசுவாசம் இல்ல’ங்குறா. இப்ப அவளுக்கு உள்ளங்காலிலே ஒரு புண்ணு.”

 பிந்துவின் அம்மா சரசம்மா, எனக்கு அடுத்த பெஞ்சில் உட்காருகிறவள். கன்வென்ஷன் பந்தலில் ஓங்கி ஸ்தோத்திரம் சொன்னவள். இவருடைய முகத்தைப் பார்த்தேன். விரல் போகும் என்று சர்ஜன் சொன்னபோதுகூட அந்த முகம் அப்படி ஆகவில்லை. ரத்தமே இல்லை.

“அவுங்களைக் கூட்டிட்டு வா மக்கா” என்றார். “இண்ணைக்கே கூட்டிட்டு வா. நாளைக்கு வெட்டிப் போடுவினும், பொறவு காட்டுறதுக்கு ஒண்ணும் இருக்காது.”

சாயங்காலம் சரசம்மா குடையை ஊன்றிக்கொண்டு, நொண்டி நொண்டி வார்டுக்குள் வந்தாள். நோயாளியைப் பார்க்க வந்த நினைப்பில் கையில் வேதப்புத்தகமும் ஆரஞ்சுப் பழமும் வைத்திருந்தாள். இவர் பிந்துவிடம், அதற்குள் காலில் போட்டிருந்த கட்டை அவிழ்க்கச் சொன்னார். சுற்று சுற்றாகப் பஞ்சும் துணியும் வந்தது. சரசம்மா குனிந்து பார்த்தாள். ஆரஞ்சு உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது.

“அக்கா, நான் அண்ணைக்குப் பொய் சொல்லல்ல” என்றார் இவர். “அண்ணைக்கு ஆறித்தான் இருந்தது. திரும்ப வந்ததை யாருக்கும் சொல்லாம மறைச்சேன் பாத்தியளா, அதாக்கும் பொய். மாத்திரைப் பையைத் தூக்கிக் காட்டச்சொல்லி ஆண்டவரு எனக்குச் சொல்லல்ல. நானே காட்டுனேன். நீங்க அதை நம்பாதிய. இதை நம்புங்க.”

 சரசம்மா ஏசப்போகிறாள் என்று நான் காத்திருந்தேன். அவள் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். தன் வலது செருப்பைக் கழற்றி உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு மகளிடம் திரும்பினாள்.

“பிந்து, எனக்க மாத்திரை எங்கட்டி?”

பிந்து உடுப்புப் பைக்குள் கைவிட்டு ஒரு மாத்திரை அட்டையை எடுத்தாள். ஓரமெல்லாம் கசங்கி, மடங்கி இருந்தது. என்றைக்காவது கேட்பாள் என்று அதை அவள் தினமும் கூடவே கொண்டுநடந்திருக்கிறாள். பெற்ற மகள் கொடுத்ததை வாங்கி சரசம்மா உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

நான் கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். அவள் குடித்து முடிக்கும்வரை, வார்டில் எல்லாரும் பார்க்க, நான் இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.